"வீட்டுல உட்கார்ந்து பேசு"ன்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் ஆலோசனைப் பகுதியில 19 வயசுப் பொண்ணு ஒருத்தியோட கேள்வி வந்திருந்துச்சு. பொறந்து வளர்ந்த மதத்து மேல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு, ரெண்டு வருஷமா நடிச்சுக்கிட்டு இருக்கேன், வீட்டுல எப்படி சொல்றதுன்னு தெரியல, அண்ணனை நினைச்சா பயமா இருக்குன்னு எழுதியிருந்தா. அதுக்கு உங்க ஆலோசகர், பெத்தவங்க உன் எதிரி இல்லம்மா, மனசு விட்டுப் பேசு, நேரா பேச பயமா இருந்தா குடும்பத்துல எல்லாரும் மதிக்கிற ஒரு பெரியவரை நடுவுல வெச்சுப் பேசுன்னு பதில் சொல்லியிருக்காங்க. நல்ல மனசோடதான் சொல்லியிருக்காங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அதைப் படிச்சதுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. ஏன்னா 12 வருஷத்துக்கு முன்னாடி என் தங்கச்சி விஷயத்துல நான் செஞ்சது அதேதான், ஒரு பெரியவரைத்தான் நடுவுல வெச்சேன்.

நாங்க எந்த மதம்னு இதுல எழுதப்போறதில்ல. எழுதினா படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் "அவங்க அப்படித்தான்"னு சொல்லிட்டு பக்கத்தைத் திருப்பிடுவாங்க, மீதிப் பேர் அவங்க மதத்தைத் திட்டிட்டேன்னு என் மேல கோபப்படுவாங்க. நான் இன்னும் அதே மதத்துலதான் இருக்கேன், நம்பிக்கையோடதான் இருக்கேன், அதையும் சொல்லிடுறேன்.

அவ என்கிட்ட சொன்னது மொட்டை மாடியில, கரண்ட் போன ஒரு ராத்திரி. அக்கா, வழிபாட்டு நேரத்துல நான் உதட்டை மட்டும்தான் அசைக்கிறேன், உள்ள ஒண்ணுமே இல்ல, முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன் வரலன்னு சொன்னா. திட்டல, கிண்டல் பண்ணல, யாரையும் குறை சொல்லல, வராத ஒண்ணை வர்ற மாதிரி காட்டிக்கிறது பாவமா தோணுதுக்கான்னு சொன்னா. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவ தலையில கை வெச்சு சொல்லிட்டு, மூணாவது நாள் சித்தப்பாகிட்ட சொன்னேன். சித்தப்பா படிச்சவர், அதிர்ந்து பேச மாட்டார், வீட்டுல அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு, அப்பாவுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லுவார்னு நினைச்சேன். அவர் அன்னைக்கு ராத்திரியே அப்பாகிட்ட சொல்லிட்டார். பக்குவமா இல்ல, "நம்ம மானம் போறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க"ன்னு.

மறுநாள் காலையில அண்ணன் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வந்து அவ ரூம் கதவோட தாழ்ப்பாளை உள்பக்கம் கழட்டி வெளிப்பக்கம் மாட்டினான். அவ்வளவுதான், அஞ்சு நிமிஷ வேலை. கதவுக்கு உள்பக்கம் நாலு ஸ்க்ரூ ஓட்டை அப்படியே இருக்கும், இப்பவும் இருக்கு, அந்த வீட்டுக்குப் போறப்பல்லாம் என் கண்ணு அங்கதான் போகும். போனைப் பிடுங்கிட்டாங்க, காலேஜ் நின்னுச்சு, மதப் பெரியவங்க ரெண்டு பேர் தினமும் வந்து மணிக்கணக்கா பேசினாங்க, அண்ணன் அடிச்சான், மூணு வாரத்துக்குள்ள ஒரு கல்யாணத்தையும் பேசி முடிச்சாங்க. ஒருத்தர் கூட தாங்க தப்பு பண்றோம்னு நினைக்கல. எல்லாருமே அவளைக் காப்பாத்துறதா நினைச்சாங்க. நானும்தான், முதல் ஒரு வாரம்.

நடுவுல ஒரு நாள் பாத்ரூம் ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சு போலீஸ் ஸ்டேஷன் போயிட்டா. அங்க இருந்த அதிகாரி அவளை உட்கார வெச்சு தண்ணி கொடுத்து, அவ சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, அப்பாவுக்கு போன் பண்ணார். அப்பா, அண்ணன், சித்தப்பா மூணு பேரும் போனாங்க. இனிமே அடிக்க மாட்டோம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டாங்க, அவரும் "குடும்பம்னா இப்படித்தாம்மா, அப்பா எவ்வளவு அழறார் பாரு, போ"ன்னு அனுப்பி வெச்சார். மேஜர் ஆன பொண்ணு, அவ விருப்பம் இல்லாம அனுப்பக் கூடாதுன்னு அங்க யாருக்குமே தோணல. கார்ல வர்றப்ப ஒருத்தரும் வாயைத் திறக்கலயாம், வீட்டு கேட்டை மூடுற வரைக்கும் யாரும் பேசலக்கான்னு பின்னாடி சொன்னா. அதுக்கப்புறம் நடந்ததை நான் இங்க எழுதல.

சாதாரண குடும்பச் சண்டைக்கும் இதுக்கும் இருக்கிற வித்தியாசம் எனக்குப் புரியவே பல வருஷம் ஆச்சு, உங்க ஆலோசகருக்கும் அது தெரியணும்னுதான் எழுதறேன். புருஷன் குடிச்சுட்டு அடிக்கிறான்னா ஓடிப் போய் நிக்க அம்மா வீடு இருக்கும், அண்ணன் இருப்பான், ஒருத்தன்தான் அடிக்கிறவன், மத்தவங்க அடைக்கலம். மானம், கௌரவம்னு வர்ற கொடுமையில அப்படி இல்ல. அடிக்கிறவங்களும், அடிக்கச் சொல்றவங்களும், எங்க போறான்னு கண்காணிக்கிறவங்களும், தெரிஞ்சும் வாயை மூடிக்கிறவங்களும் எல்லாரும் சொந்தக்காரங்கதான். அதனால நடுநிலையான பெரியவர்னு அங்க யாரும் கிடையாது, அந்தப் பெரியவருக்கும் அதே மானம்தான். அவர் வீட்டுலயும் கல்யாணத்துக்குப் பொண்ணு இருப்பா.

பிரிட்டன்ல கட்டாயக் கல்யாணத்தையும் இந்த மாதிரி கௌரவக் கொடுமையையும் கையாளுற போலீஸ், டீச்சர், டாக்டர் இவங்களுக்கெல்லாம் அரசாங்கமே வழிகாட்டுதல் போட்டிருக்கு. அதுல "ஒரே வாய்ப்பு"ன்னு ஒரு விதி சொல்லுவாங்க, அதாவது பாதிக்கப்பட்டவங்க உங்ககிட்ட வந்து வாயைத் திறக்கிறது அந்த ஒரு தடவையாத்தான் இருக்கும், அந்த ஒரு பேச்சுலயே ஒரு உசுரைக் காப்பாத்த வேண்டி வரும், நாளைக்கு வான்னு அனுப்பாதீங்கன்னு அர்த்தம். இன்னும் தெளிவா சொல்லியிருக்காங்க, தனியா வெச்சுப் பேசு, சொந்தக்காரங்களை மொழிபெயர்க்க வைக்காதே, அவங்க சொன்னதைக் குடும்பத்துக்கிட்ட போய் சொல்லாதே, சமரசம் பேசாதே, பேசினா ஆபத்து அதிகமாகும்னு. இதைப் படிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. செய்யாதேன்னு அவங்க போட்டிருந்த ஒவ்வொண்ணையும் நாங்க செஞ்சிருக்கோம், நான் சித்தப்பாகிட்ட, அந்த அதிகாரி அப்பாகிட்ட.

அங்க இதையெல்லாம் சும்மா ஒண்ணும் எழுதி வைக்கல. 2003-ல 17 வயசுப் பொண்ணு ஒருத்தி காணாமப் போனா, அதுக்கு முன்னாடி ஸ்கூல்ல டீச்சர்கிட்ட சொல்லியிருக்கா, தங்க இடம் வேணும்னு உள்ளூர் நிர்வாகமான கவுன்சில்ல கேட்டிருக்கா, ஒண்ணும் பலிக்கல, கடைசியில பொணமாத்தான் கிடைச்சா. கொன்னது பெத்த அப்பா அம்மான்னு கோர்ட் தீர்ப்பு சொல்ல 2012 ஆச்சு, அதுவும் கூடப் பொறந்த தங்கச்சி கோர்ட்டுல ஏறி நான் பார்த்தேன்னு சொன்னதாலதான். அந்தத் தங்கச்சியைப் பத்தி நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். அத்தனை வருஷம் அதே வீட்டுல, அதே அப்பா அம்மா கூட.

இது ஒரு மதத்து வியாதி இல்ல. யெகோவாவின் சாட்சிகள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவுல சபையை விட்டு விலக்கப்பட்டவங்களோட சொந்தபந்தமே பேச்சுவார்த்தையைக் குறைச்சுக்கிறது ரொம்ப காலமா இருக்கிற வழக்கம். அமெரிக்காவுல பழைய காலத்து முறையில வாழுற அமிஷ்ங்கிற கிறிஸ்தவப் பிரிவுல, கட்டுப்பாடான குடும்பங்கள்ல விலகிப் போன மகனோட ஒரே மேஜையில உட்கார மாட்டாங்க. ரொம்பக் கட்டுப்பாடான ஹசிதிக் பிரிவு யூதக் குடும்பங்கள்ல வெளிய போன பிள்ளைக்கு, செத்துப் போயிட்ட மாதிரி துக்கம் அனுசரிச்சவங்க இருக்காங்க, அப்படி வெளிய வர்றவங்களுக்கு உதவ நியூயார்க்ல 2003-ல இருந்து ஃபுட்ஸ்டெப்ஸ்னு ஒரு அமைப்பே நடக்குது. 2019 ஜனவரியில ரஹாஃப்னு சவூதிப் பொண்ணு ஒருத்தி, 18 வயசு, பேங்காக் ஏர்போர்ட் ஹோட்டல் ரூமுக்குள்ள கதவுக்கு மெத்தையை அண்டக் கொடுத்துக்கிட்டு, நான் மதத்தை விட்டுட்டேன், திருப்பி அனுப்பினா என் குடும்பமே என்னைக் கொன்னுடும்னு ட்விட்டர்ல எழுதினா, ஐநா அகதிகள் ஆணையம் அவளைக் குடும்பத்துக்கிட்ட கொடுக்கல, ஒரே வாரத்துல கனடா எடுத்துக்கிச்சு. அவ அப்பாவும் அண்ணனும் பேங்காக் வந்து பார்க்கணும்னு கேட்டாங்க, அவ மாட்டேன்னா, அதிகாரிங்களும் அதை மதிச்சாங்க. "பெத்த அப்பா வந்திருக்கார், ஒரு அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போம்மா"ன்னு யாராவது சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

தமிழ் பேசுற நமக்கும் இது தூரத்து விஷயம் இல்ல. 2017 மார்ச்சுல கோயம்புத்தூர்ல ஃபாரூக்ங்கிறவரைக் கடவுள் இல்லன்னு வெளிப்படையா சொன்னதுக்காக வெட்டிக் கொன்னாங்க. அதுல எனக்கு மறக்காதது அவரோட அப்பாதான். நம்பிக்கையுள்ள மனுஷர், மகன் செத்த பிறகு, அவன் இருந்த கடவுள் மறுப்பு இயக்கத்துல நானும் சேரப்போறேன்னு சொன்னார். அந்தச் செய்தி வந்தப்ப எங்க அப்பா உயிரோட இருந்தார். அந்தப் பேப்பரை மடிச்சு அவர் டேபிள் மேல வெச்சுட்டு வந்தேன். படிச்சாரா இல்லையான்னு கடைசி வரைக்கும் தெரியல.

சட்டத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு. 1948-ல ஐநா போட்ட மனித உரிமைப் பிரகடனத்துல 18-வது பிரிவு, ஒருத்தர் தன் மதத்தையோ நம்பிக்கையையோ மாத்திக்கிற சுதந்திரம் உண்டுன்னு நேரடியாவே சொல்லுது. 1966-ல ஐநா கொண்டு வந்த குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில அந்த "மாத்திக்க"ங்கிற வார்த்தை சில நாடுகளோட எதிர்ப்பால இல்லாமப் போச்சு, ஆனா 1993-ல ஐநா மனித உரிமைக் குழு விளக்கம் கொடுத்துச்சு, இருக்கிறதை விட்டு வேற மதத்துக்குப் போறதும், எதுவுமே வேண்டாம்னு இருக்கிறதும் அந்த உரிமைக்குள்ளதான் வருதுன்னு. சூடான்ல மதத்தை விட்டா மரண தண்டனைன்னு இருந்த சட்டத்தையே 2020-ல எடுத்தாங்க. அரசாங்கம் திருந்துது, மெதுவாவாவது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ரூமுக்குள்ள அந்த 18-வது பிரிவை யார் கொண்டு போய்ச் சேர்க்கிறது? பேப்பர் கதவுக்கடியில போகும். அதனாலதான் உங்களுக்கு எழுதறேன்.

கதவுக்கடியில போகும்னு சும்மா சொல்லல. நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கிறப்ப அம்மாவோட பீரோல இருந்து அவ சர்ட்டிஃபிகேட், ஐடி கார்டு எல்லாத்தையும் எடுத்து, ஃபைலோட போகாததால ஒவ்வொரு தாளா கதவுக்கடியில தள்ளினேன். உள்ள இருந்து அவ ஒவ்வொண்ணா இழுத்துக்கிட்டா. பேசிக்கல. ரெண்டு நாள் கழிச்சு, கூடப் படிச்ச ஒரு பொண்ணோட அம்மா, எங்களுக்கு எந்த வகையிலயும் சொந்தம் இல்லாத ஒரு அம்மா, காரை நிறுத்திக் காத்திருந்து கூட்டிட்டுப் போனாங்க. அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து விட்டது நான்தான். எங்க கூட்டிட்டுப் போனாங்கன்னு எனக்குத் தெரியாது, தெரியக் கூடாதுன்னு அந்த அம்மா சொன்னாங்க. அப்ப எனக்குக் கோபம் வந்துச்சு, நான் அக்கா இல்லையான்னு. அவங்க சொன்னதுதான் சரி, ஏன்னா அடுத்த வாரம் அண்ணன் என் கழுத்தைப் பிடிச்சுக் கேட்டப்ப சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல.

அப்பவும் விடல. அவளோட பேங்க் அக்கவுண்ட்டுல அப்பா நம்பர்தான் இருந்துச்சு, ஏடிஎம்ல பணம் எடுத்த உடனே எந்த ஊர்னு எஸ்எம்எஸ் வந்துடுச்சு. அண்ணன் அன்னைக்கே கிளம்பிப் போனான், அவ அரை நாள் முன்னாடி இடம் மாறியிருந்தா. அப்புறம் ஈமெயில், பழைய பாஸ்வேர்டு அண்ணனுக்குத் தெரியும், அதுல லொகேஷன். இந்தச் சின்னச் சின்ன விஷயம்தான் உசுரு. "மனசு விட்டுப் பேசு"ங்கிற இடத்துல உங்க ஆலோசகர் இதை எழுதியிருக்கணும். யாருக்கும் தெரியாத புது ஈமெயில் வெச்சுக்கோ, தனி அக்கவுண்ட், தனி நம்பர், ஒரிஜினல் எடுக்க முடியலன்னா போட்டோ எடுத்து அந்த ஈமெயிலுக்கு அனுப்பிக்கோ, குடும்பத்துக்கு சம்பந்தமே இல்லாத ஒரு ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிரு, அந்த வார்த்தை மெசேஜா வந்தா உடனே ஆள் அனுப்பணும்னு. நீயே சம்பாதிச்சு, நீயே பூட்டித் திறக்கிற ஒரு கதவுக்குள்ள போற வரைக்கும் வீட்டுல சொல்லாதே. நம்பிக்கை இல்லாம உதட்டை அசைக்கிறது கஷ்டம்தான், என் தங்கச்சி அதைச் சொல்லி அழுதிருக்கா, ஆனா இன்னும் ரெண்டு வருஷம் அசைச்சிருந்தா டிகிரி முடிச்சிருப்பேன்க்கான்னும் அவதான் சொன்னா.

எங்க அப்பா நாலு வருஷத்துக்கு முன்னாடி தவறிட்டார். இரங்கல் விளம்பரம் உங்க பேப்பர்லதான் கொடுத்தோம். பிள்ளைகள் பேர் என்னன்னு போன்ல கேட்டாங்க, அண்ணன் பக்கத்துலயே நின்னான், நான்தான் ஒவ்வொரு எழுத்தா சொன்னேன். அண்ணன் பேர், என் பேர். ரெண்டுதானான்னு கேட்டாங்க, ரெண்டுதான்னு சொன்னேன். அவ அந்தப் பக்கத்தை ஆன்லைன்ல பார்த்துத்தான் அப்பா இல்லைங்கிறதையே தெரிஞ்சுக்கிட்டா. எட்டு வருஷம் கழிச்சு அன்னைக்கு எனக்கு போன் பண்ணினா, ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "போட்டோ நல்லா இருக்குக்கா, எந்த வருஷம் எடுத்தது"ன்னு மட்டும் கேட்டா. பேர் இல்லாததைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல, இன்னைக்கு வரைக்கும் கேட்கல.

பெத்தவங்க இதைப் படிச்சா ஒண்ணு சொல்லிக்கிறேன். எங்க அம்மா கெட்டவங்க இல்ல. பொண்ணு நரகத்துக்குப் போயிடுவாளேன்னு நெஜமாவே பயந்தாங்க, அந்தப் பயத்துல அழுது அழுது அவங்களுக்கு உடம்பு பாதியாச்சு. எட்டு வருஷம் அவ பேரையே எடுக்கல. போன வருஷம் பீரோல ஏதோ தேடுறப்ப, துணிக்கு அடியில அவகிட்ட இருந்து பிடுங்கின அந்தப் பழைய போன் இருந்துச்சு, கையில எடுத்தா ஸ்க்ரீன் எரியுது, சார்ஜ் 82%. லாக் நம்பர் அம்மாவுக்குத் தெரியாது, திறக்கத் தெரியாத போனை வாரா வாரம் சார்ஜ் மட்டும் போட்டு வெச்சிருக்காங்க. இவ்வளவு பாசத்தை வெச்சுக்கிட்டு அவ உள்ள கிடந்த 43 நாள்ல ஒரு தடவை அந்தத் தாழ்ப்பாளை எடுத்து விடலையேம்மான்னு கேட்டுட்டேன். "ஊர் என்ன சொல்லும்னு இருந்துச்சு"ன்னாங்க. அந்த ஊர்ல இருந்து இப்ப மாசத்துக்கு ஒருத்தர் கூட எங்க வீட்டு வாசப்படி ஏறுறதில்ல.

இப்ப அம்மாவும் அவளும் எப்பவாவது பேசிக்கிறாங்க. உடம்பு எப்படி இருக்குன்னு அம்மா கேப்பாங்க, நல்லா இருக்கேம்மான்னு அவ சொல்லுவா, மதத்தைப் பத்தி ரெண்டு பேரும் எடுக்கிறதில்ல. அண்ணனுக்கு அவ நம்பர் தெரியாது, தெரியவும் வேண்டாம், மன்னிச்சிடுன்னு அவன் இன்னும் கேட்கல.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட கேக்கிறது இதுதான். வர்ற வாரம் அதே பகுதியில, அதே இடத்துல, அந்தப் பதிலைத் திருத்திப் போடுங்க. உள்ள எங்கயோ சின்ன எழுத்துல போட்டா அவ கண்ணுல படாது. இந்த மாதிரி கேள்விக்குப் பதில் எழுதறவங்க முதல்ல "நீ பாதுகாப்பா இருக்கியா, யாருக்கெல்லாம் தெரியும்"னு கேட்டுட்டுத்தான் மத்ததைப் பேசணும். பிரிட்டன்ல கர்மா நிர்வாணான்னு ஒரு அமைப்பு 1993-ல இருந்து இப்படி மாட்டிக்கிட்டவங்களுக்கு உதவுற வேலையைச் செய்யுது, அதை ஆரம்பிச்ச ஜஸ்விந்தர் சங்கேரா கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடினவங்க, அதனாலேயே குடும்பம் ஒதுக்கி வெச்சவங்க. மதத்தை விட்டவங்களுக்குன்னே ஃபெய்த் டு ஃபெய்த்லெஸ்னு 2015-ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க. நம்ம மொழியில இந்த வேலையை யார் செய்யறாங்கன்னு தேடிப் பிடிச்சு, விசாரிச்சு, நம்பகமானவங்க நம்பரைப் போடுங்க, அது உங்களால முடியும். அந்தப் பொண்ணு உங்களுக்கு லெட்டர் அனுப்பின ஈமெயில் ஐடி, ஊர் பேர் எல்லாம் உங்க ஆபீஸ்ல இருக்கும், அதை யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க, சித்தப்பான்னு சொல்லிட்டு ஒருத்தர் மரியாதையா வந்து கேட்டாலும்.

அந்தப் பொண்ணு இதைப் படிச்சா, தங்கச்சி, நீ இன்னும் யார்கிட்டயும் சொல்லலன்னா சொல்லாதே. அக்கா இருந்தா அக்காகிட்டயும் இப்ப வேண்டாம். ஏற்கனவே சொல்லிட்டேன்னா இன்னைக்கே அந்தத் தாள்களையெல்லாம் போட்டோ எடுத்து வெச்சுக்கோ.

என் பேரும் ஊரும் போட வேண்டாம். அனுப்பறதுக்கு முன்னாடி இதை என் தங்கச்சிக்கு போன்ல முழுசா படிச்சுக் காட்டினேன், ரெண்டு இடத்துல எடுத்துடுக்கான்னா, எடுத்துட்டேன். தாழ்ப்பாள் விஷயத்தை மட்டும் இருக்கட்டும்னு சொன்னா.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி